பின்வாசல் பூட்டு

பதினோரு பேர்தான் இருந்தார்கள். மைதானத்தில் பட்டறை ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அவள் இரண்டாம் முறையும் எண்ணினாள். கையிலிருந்த தாளில் பன்னிரண்டு பெயர். மலைச்சரிவில் தீ இறங்கிக்கொண்டிருந்தது. பகல் இரண்டு மணிக்கே வெளிச்சம் கலங்கிச் சிவந்துபோயிருந்தது.

காட்டுத்தீ வருமுன் கடைகளும் பட்டறைகளும் எப்படித் தயாராவது, வந்துபோன பின் எப்படி மறுபடி திறப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. ஊரெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும். சொந்த அக்காவின் மெத்தைப் பட்டறையில்தான் பாதிப் பேச்சு காற்றோடு போனது. கூரைமேல் கிடந்த சருகை அக்கா கூட்டச் சொன்னாள். சுவரோரப் பஞ்சு மூட்டைகளை நகர்த்தச் சொன்னாள். பின்வாசலுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடக் கூடாது என்றபோது மட்டும், வீட்டில் சின்னவள் இங்கே அதிகாரியாகிவிட்டாள் என்று வேலையாட்கள் முன்னால் சிரித்துவிட்டு, பூட்டுவதில்லை என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வராதவள் மெத்தைக்கு உறை தைப்பவள். தைத்த உறைகளை எடுத்துக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன் என்று பின்பக்கக் கிடங்குக்குப் போனாளாம். அதற்குள் முன்பக்கக் கொட்டகைமேல் தீப்பொறி விழுந்துவிட்டது. பின்வாசல் வழியாக வந்திருப்பாள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

அக்காவின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

“பூட்டியிருக்காக்கா?”

“போன மாசம் ரெண்டு மூட்டை காணாமப் போச்சுடி.”

அவள் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சாலை வளைவில் தீயணைப்பு வண்டி நின்றது. அதற்கு அப்பால் விடமாட்டோம் என்றார்கள். அங்கிருந்த தீயணைப்பு வீரரிடம் சாவியைக் கொடுத்து, முன்பக்கம் போகாதீங்க, ஓடையோரமா பின்னாடி வழி இருக்கு, நீலக் கதவு, நுழைஞ்சதும் வலப்பக்கம் கிடங்கு என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பட்டறையின் வரைபடம் அவளே போட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்.

நாற்பது நிமிடம். அக்கா தரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டேயிருந்தாள். சுற்றிலும் மண் தெரியும்வரை பிடுங்கினாள்.

உறை தைப்பவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இருந்தது. நினைவு இல்லை. கதவைத் தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன.

ஐந்தாம் நாள் ஊருக்குள் திரும்ப விட்டார்கள். கொட்டகை தவிரப் பட்டறை அப்படியே நின்றது. சருகைக் கூட்டியதும் மூட்டையை நகர்த்தியதும்தான் காப்பாற்றியது என்று அக்கம்பக்கத்தார் அக்காவை மெச்சினார்கள். புகை நாறிய பஞ்சை வெளியே கொட்டச் சொல்லிவிட்டு, அறிக்கைக்காக அவள் ஒவ்வொரு அறையாகப் படமெடுத்தாள். பின்கதவின் உட்புறம் கரி படிந்திருந்தது. அதில் கைத்தடங்கள். மேலே இருந்தவை தெளிவாக இருந்தன. கீழே வர வர இழுபட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுபோயின.

“அந்தப் படம் வேணுமா?” அக்கா பின்னால் நின்றாள்.

“வேணும்க்கா.”

“நீ என் கூடப் பொறந்தவதானே?”

அவள் படத்தை எடுத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“நாளைக்குக் காலைல அனுப்பிடுவேன். அதுக்குள்ள பூட்டினது நீதான்னு நீயே அவகிட்ட போய்ச் சொல்லிடு.”

அன்று மாலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அக்கா, எதற்கோ மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலருகே இருந்த உறை தைப்பவளின் கணவன் அக்காவைக் கண்டதும் சட்டென்று எழுந்தான்.

“நீங்க உடனே சாவி குடுத்து அனுப்பலேன்னா இன்னிக்கு இவ இல்லம்மா.”

அக்காவின் உதடு பிரிந்து மூடியது. மூக்கில் குழாயோடு, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் போர்வைமேல் வைத்தபடி, உறை தைப்பவள் அக்காவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அக்கா உட்காரவில்லை. நாற்காலி அழுக்காயிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, தோள் துண்டை எடுத்துத் துடைத்தான். அவள் அப்போதும் நின்றாள். அவன் குனிந்து, நாற்காலியின் கால்வரை, இன்னொரு முறை அழுத்தித் துடைக்கத் தொடங்கினான்.