நடு வார்த்தை

"இது மூத்திரமே இல்லை. பைப் தண்ணி!"

லேப் ஆள் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஆட்டினான். மஞ்சள் இல்லை. வாடை இல்லை. கண்ணாடிக் குழாயில் ஊற்றி கெட்டி பார்க்கும் மிதவையைப் போட்டான். சுத்தத் தண்ணீரில் எந்தக் கோட்டில் நிற்குமோ, கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்றது.

"என்னுது எப்பவுமே இப்படித்தான் சார்" என்றான் தனசீலன்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

1966, மே மாதம். பம்பாய் டிராம்பேயில் அந்த ரசாயனத் தொழிற்சாலையில் தனசீலன் நாலு வருஷமாக டெம்பரரி. இன்றைய மெடிக்கல் தேறினால் பர்மெனன்ட். பர்மெனன்ட் ஆனால் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் என்றால் சமையலறைக்குள்ளேயே ஒரு குழாய். திறந்த நேரமெல்லாம் தண்ணீர். மற்றவர்கள் சம்பளத்துக்காகப் பர்மெனன்ட் கேட்டார்கள். அவன் கேட்டது அந்தக் குழாய்க்காக.

ஏனென்றால் அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். குளிப்பதற்கு இல்லை, குடிப்பதற்கு. குடித்தது குடித்தபடியே வெளியே போகும். மறுபடி தாகம். பிறந்ததிலிருந்து அப்படி.

தாராவியில் அவர்கள் சந்துக்கு நாற்பது கோலி என்கிற ஒற்றை அறை வீடு, ஒரே குழாய், காலையில் இரண்டு மணி நேரம். அவன் அம்மா செல்வமேரி மற்றவர்களைவிட ஒரு நடை அதிகமாக வரிசைக்கு வருவாள். சண்டை வரும்.

"உம் மவன் வயித்துக்குள்ள கேணியா வெட்டியிருக்கு?" என்பாள் முருகம்மாள்.

"ஆமாட்டி, கேணிதான். உம் புருசன் மாதிரி சாராயச் சாக்கடை இல்ல!"

அந்த வாய்க்குப் பயந்துதான் வரிசை அவளுக்கு வழி விட்டது. அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அது.

தொழிற்சாலை டாக்டர் காலே, வாரத்தில் இரண்டு நாள் வருகிற மராட்டிக்காரர். தனசீலனைத் தன் கண்ணெதிரே நிற்கவைத்து வேறொரு பாட்டிலில் பிடிக்கச் சொன்னார். அதுவும் தண்ணீர்தான். ஆக, பைப் தண்ணீர் இல்லை. அப்படியானால் வேறு ஏதோ தில்லுமுல்லு.

"வயிறு முட்டக் குடித்துக் கலைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எதையோ மறைக்கிறான்" என்றார் இந்தியில். "எடை போடு. அறையில் உட்கார வை. சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. யோக்கியனாக இருந்தால் நேரம் ஆக ஆக மூத்திரம் தானாகக் கெட்டிப்படும்."

பத்து மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. வாசலில் காவல், வாட்ச்மேன் நம்பிராஜன். அதே தாராவிச் சந்துக்காரன்.

பன்னிரண்டு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அதற்குள் மூன்று தடவை பாட்டில் நிரப்பியாகிவிட்டது. மூன்றும் கண்ணாடி மாதிரி. ஒரு மணிக்குக் கதவைத் தட்டினான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு மடக்கு."

"சும்மா இருல. எனக்கு சீட்டுக் கிழிஞ்சிரும். ஒரு நேரம் தண்ணி குடிக்காட்டா செத்தா போயிருவ?"

இரண்டு மணிக்குக் கண் எரிந்தது. உடம்பு கொதித்தது. மேஜை கோணலாகத் தெரிந்தது. அதன் மேல் ஒரு மைக்கூடு. அதில் இருப்பது மை என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. கை மூடியைத் திருகிற்று.

"ஏல! ஏல! என்னல பண்ணுத?" நம்பிராஜன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது உதடெல்லாம் நீலம்.

டாக்டர் ஓடி வந்தார். காய்ச்சல் நூற்றிரண்டு. எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. கடைசியாகப் பிடித்த பாட்டிலை அவரே குழாயில் ஊற்றினார். மிதவை இருந்த கோட்டை விட்டு நகரவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. ஓர் ஊசி போட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பிடித்த பாட்டிலும் தண்ணீரேதான். அப்புறம் ஒரு கூஜாவை நீட்டினார். தனசீலன் அதை இறக்காமல் குடித்து முடித்தான். டாக்டர் முகத்தில் பரிசுச் சீட்டு விழுந்தவனின் களை. புத்தகத்தில் மட்டும் படித்த வியாதி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

நம்பிராஜன் கேட் காவலுக்குத் திரும்பிப் போயிருந்தான். தமிழில் சொல்ல, ஆபீஸ் கிளார்க் மகாதேவனைக் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழ் ஐயர்.

"கேட்டுக்கோப்பா. தலைக்குள்ளேருந்து கிட்னிக்கு ஓர் உத்தரவு போகுமாம், 'தண்ணிய விடாதே, பிடிச்சு வை'ன்னு. உத்தரவு சரியாத்தான் போறது. உன் கிட்னிக்குக் காது கேக்கலை. அந்த உத்தரவைத்தான் ஊசியில போட்டுக் கத்திப் பார்த்தார். அப்பவும் கேக்கலை."

"மருந்து இருக்கா சார்?"

"ஒரு மாத்திரை இருக்காம். மத்தவாளுக்கு மூத்திரம் அதிகமாப் போகக் குடுக்கறது, உனக்குக் குறைக்குமாம். ஏன்னு டாக்டருக்கே சரியாச் சொல்லத் தெரியலை. உப்பைக் குறைக்கணும். தண்ணிய மட்டும் எவன் சொன்னாலும் நிறுத்தப்படாது. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

டாக்டர் ஏதோ கேட்டார். மகாதேவன் குரல் இறங்கியது. "அம்மா வழியா வர்ற வியாதியாம். ஆண் குழந்தைகளைத்தான் பிடிக்குமாம். உங்காத்துல அப்படி யாராவது தவறிப்போனாளா?"

"எனக்கு மூத்தவன் ஒருத்தன். எட்டு மாசத்துல காய்ச்சல். ஓயாம நனைக்கான்னு தண்ணியக் குறைச்சாங்களாம்."

மகாதேவன் இந்தியில் சொல்ல, டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். எழுதியதைப் பெருமையோடு தனசீலன் கையிலேயே கொடுத்தார். இதை ஆபீசில் கொடு, நீ ஏமாற்றவில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்றார்.

ஆபீசில் மகாதேவன் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை.

"படி."

"இங்கிலீஷ் தெரியாது சார்."

"நெஃப்ரோஜெனிக் டயாபடீஸ் இன்சிபிடஸ். மூணு வார்த்தை. மொதலாவது எவனுக்கும் புரியாது. மூணாவதும் புரியாது. நடுவுல ஒண்ணு இருக்கே, அது மட்டும் எல்லாருக்கும் புரியும்." விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "டயாபடீஸ்னா அன்ஃபிட். டெம்பரரியும் கிடையாது. நாளைக்கே வெளியே."

"எனக்குத்தான் சக்கரை இல்லியே சார்! லேப்லயே பாத்தாங்களே!"

"எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். கையெழுத்துப் போடறவன் கல்கத்தாவுல இருக்கான். அவன் அகராதியைப் புரட்ட மாட்டான்."

"டாக்டரையே வேற பேரு எழுதச் சொன்னா?"

"சொன்னேனே! 'அதுதான் அந்த வியாதிக்குப் பேர், நான் பொய் எழுத மாட்டேன்'கறார். நல்ல மனுஷன். என்ன பண்றது?"

மகாதேவன் இன்னொரு காகிதத்தை எடுத்தார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'பரிசோதனைக்குக் கொடுத்த பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது என் குற்றம். மன்னிக்கவும்.'

"டாக்டர் காகிதம் ஃபைல்ல ஏறாம, இதுல கையெழுத்துப் போட்டா எச்சரிக்கை மட்டும்தான். யூனியன்காரா சண்டை போட்டு வாங்கின சலுகை. டெம்பரரியா இருந்துண்டே ஆறு மாசம் கழிச்சு மறுபடி மெடிக்கல். அப்போ பாட்டிலை வெளியிலேருந்து கொண்டு வா. அதுல இருக்கறது யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன்."

தனசீலன் இரண்டு காகிதத்தையும் பார்த்தான். நிஜத்தைக் கொடுத்தால் சோறு போகும். பொய்யில் கையெழுத்துப் போட்டால், ஆறு மாதத்தில் செய்யாத மோசடியை நிஜமாகவே செய்யலாம், குழாய் கிடைக்கும்.

"எங்க சார் போடணும்?"

டாக்டரின் காகிதம் டிராம்பே பஸ் ஜன்னல் வழியாக நாலு துண்டாகப் போயிற்று.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னான், அவள் வழியாக வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு. அவன் உதட்டு நீலத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடியே கேட்டாள் செல்வமேரி.

"களவாணின்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"ஆறு மாசம் வாயத் தொறக்காதம்மா. வியாதின்னு ஒரு பேச்சுக் கிளம்பினா, நம்பிராஜன் கேட்டுட்டுப் போயி அங்க சொல்லிருவான். அவ்வளவுதான், வேலை போயிரும்."

அவள் தலையாட்டினாள். 

"ஏ ராசா... பொறந்ததுலேருந்து உள்ள வியாதின்னா, அப்ப மூத்தவனுக்கும்..."

"இல்லம்மா. அவனுக்கு வெறும் காய்ச்சல்."

"டாக்டர்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். வெறும் காய்ச்சல்தானாம்."

மறுநாள் தொழிற்சாலைப் பலகையில் அவன் பெயர் போட்டு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள். சாயங்காலமே நம்பிராஜன் அதைச் சந்துக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டான். அடுத்த நாள் விடியற்காலை வரிசையில் சிரிப்பு அலை அலையாக எழுந்தது.

"நாம அடிச்சுக்கிட்டுப் பிடிக்க தண்ணிய, மூத்திரம்னு கொண்டுபோயிக் குடுத்திருக்கான் பாரேன்!" என்றாள் முருகம்மாள். "ஏ செல்வமேரி, அதுக்குத்தானா ஒனக்கு ஒரு கொடம் சாஸ்தி?"

சந்தே செல்வமேரியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. அவள் உதடு ஒரு தடவை அசைந்தது. மூடிக்கொண்டது.

அது போதுமானதாக இருந்தது. முருகம்மாள் காலால் அவள் குடத்தை ஒதுக்கித் தன் குடத்தை வைத்தாள். பின்னால் நின்றவள் அதையே செய்தாள். அதற்குப் பின்னால் நின்றவளும். செல்வமேரி ஒவ்வொரு தடவையும் குடத்தை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அவள் முறை வந்தபோது குழாய் இருமியது. அரைக் குடத்தோடு நின்றுபோயிற்று.

கோலிக்குள் வந்து குடத்தை இறக்கினாள். அடுப்பில் உலை வைக்கவில்லை. செம்பில் முகந்து மகன் முன்னால் நீட்டினாள்.

"நீ குடிம்மா."

"எனக்குத் தாகம் இல்ல. குடி."

அவன் குடித்தான். இன்னொரு செம்பு கேட்டான்.