முட்டு எடுக்கும் நாள்

புதுக் கூரையைத் தாங்கும் முட்டுக் கம்புகளை எடுக்கும் நாளில் கட்டடக்கலைஞர் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும். தெனே தானே போட்ட வழக்கம் அது. பத்துக் கட்டடத்தில் நின்றாயிற்று. பதினொன்றாவது இது, குதுகு நகரத்தில் ஷியா கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் பெண்கள் சங்கத்தின் கூடம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாசலில் தயங்கினாள்.

காகிதத்தில் வரைந்து நீட்டுகிறவள் இல்லை அவள். தரையில் குச்சியால் கோடு போடுவாள். பிடிக்காதவர்கள் காலால் அழிக்கலாம். தலைநகரத்துக் கட்டடக்கலைஞர்களுக்கு இது பெரிய கேலி. இங்கே சங்கத் தலைவி தலாத்தோ ஒரு கோட்டை அழித்தாள்.

"எங்க அண்டாவையெல்லாம் உன் தலையிலயா வைக்கிறது? தள்ளிப் போடு!"

தெனேயும் சேர்ந்து சிரித்தாள். சுவர் இரண்டு எட்டு தள்ளிப் போனது. மண்கல்லை வளைத்துக் கட்டும் கூரை அகலமானால் அதைத் தாங்கும் சுவரும் தடிக்க வேண்டும். அந்தக் கணக்கை மறுபடி போடவே இல்லை என்பது, காலையில் சுவரில் மெல்லிய விரிசலைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நிறுத்தச் சொன்னால் போதும். ஆனால் வெளியே நாற்காலி போட்டு அமைச்சக அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஊராரைக் கேட்டுக் கட்டினால் இப்படித்தான் என்பார்கள். இருபது வருஷப் பேர் போய்விடும். விழுந்தால் தன் தலையில்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

கொத்தனார் சிபிரி முதல் கம்பைத் தட்டினார். அவள் தோளில் மண் உதிர்ந்தது.

அப்போது தலாத்தோ உள்ளே வந்தாள். பின்னாலேயே முப்பது பெண்கள், சிலர் முதுகில் குழந்தையோடு.

"எங்க வர்றீங்க? வெளிய போங்க!" தெனே கத்தினாள்.

"கோட்டை அழிச்சது எங்க காலு. நீ மட்டும் நிக்கிறது என்ன நியாயம்? பயமா இருந்தா என் பின்னால ஒளிஞ்சுக்கோ, நான்தான் அகலம்."

பெண்கள் சிரித்தார்கள். சிபிரி இரண்டாவது கம்புக்குச் சுத்தியலை ஓங்கினார்.

"அண்ணே, தட்டாதீங்க!" தெனே அலறினாள். "கோடு அவங்களோடது. சுவர்க் கணக்கு என்னோடது. நான் அதைத் திரும்பப் போடல. இது நிக்காது."

சிரிப்பு நின்றது. சிபிரி தட்டிய கம்பை அவசரமாகத் திரும்ப இறுக்கினார். குழந்தைக்காரிகள் முதலில் ஓடினார்கள். தலாத்தோ மட்டும் நகரவில்லை.

"நாங்க உள்ள வராம இருந்திருந்தா, இதைச் சொல்லியிருப்பியாடி?"

தெனேயின் கண் சுவரிலிருந்த விரிசலுக்குப் போனது.

தலாத்தோ அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பிடித்த இடம் வலித்தது.