துணி கட்டிய ஜாடி

பொய் சொல்லும்போது கொஞ்சமாவது யோசித்துச் சொல்ல வேண்டும். சின்னவள் யோசிக்கவில்லை. எதிரில் பிரேம்காரர் உட்கார்ந்திருந்தார், அவர் மீசையில் வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசிக்கிற சக்தி ஆண்டவன் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இருவருக்கும் ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்க அறையில் வருகிறவர்களை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது சின்னவள். பின்பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல், கடுகளவு திருகாணிகளை இடுக்கியில் பிடித்து பிரேம் மாட்டுகிறவர் அவர். கடை மூடியதும் எதிர்ச்சாரியில் இருக்கும் காபிக் கடைக்கு இருவரும் போவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. அங்கே அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: கோல்ட் ப்ரூ. காபித் தூளை ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வடிகட்டி, ஐஸ் போட்டு, மேலே ஒரு விரல்கடைக்குப் பால் நுரை.

"இதென்ன பிரமாதம்? நான் வீட்டுலயே போடுவேனே," என்றாள் சின்னவள்.

"நிஜமாவா? நுரையோடயா?"

"நுரை இல்லாமலா? எங்க வீட்டு நுரையைப் பாத்தீங்கன்னா இதை நுரைன்னே சொல்ல மாட்டீங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"தாராளமா வாங்க."

வாய்க்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சின்னவளுக்கு ஒரு கால் துள்ளியது, இன்னொரு கால் தயங்கியது. அவர் வீட்டுக்கு வருகிறார்! தானே கேட்டு வருகிறார்! ஆனால் அவள் ஜென்மத்தில் கோல்ட் ப்ரூ போட்டதில்லை. போட்டது எல்லாம் சுடுதண்ணீர் காபி, அதையும் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள்.

இதில் இன்னொரு சங்கடம். பிரேம்காரர் எதுவும் நேராக இருக்க வேண்டும் என்கிற ஆள். கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும், வாங்குகிறவரே "பரவாயில்லை, குடுங்க" என்றாலும், "எனக்குப் பரவாயில்லாம இல்லையே," என்று திரும்பக் கழற்றுவார். அப்படிப்பட்டவர் முன்னால் இவள் பீற்றல்காரி என்று வெளிப்பட்டால் என்ன ஆகும்? சண்டை போட மாட்டார். மறுநாளிலிருந்து எதிர்ச்சாரிக்கு வர மாட்டார், அவ்வளவுதான். சின்னவளுக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

ஆக, அன்றிலிருந்தே சமையலறையில் ஒத்திகை ஆரம்பமானது. முதல் நாள் வெதுவெதுப்பான பாலைக் கடைந்தாள். கை வலித்தது, பால் அப்படியே அசட்டுத்தனமாகக் கிடந்தது. மறுநாள் சில்லென்ற பாலை பாட்டில் நிறைய ஊற்றிக் குலுக்கினாள். மூடி பறந்தது, கூரையிலிருந்து நுரை சொட்டியது, அம்மா வந்தாள்.

"என்னடி இது, வெள்ளையடிக்கிறியா?"

"நுரை பழகறேன்மா."

"யாருக்கு?"

"கடையில வேலை பாக்கறவர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வரார். சும்மா, காபி குடிக்க."

அம்மா கூரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பெரியவளைக் கட்டிக்கொடுத்தவள் ஆயிற்றே, அவளுக்குப் புரியாதா? "சும்மா வரவருக்கு இவ்வளவு நுரை எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

பிறகு ரகசியம் பிடிபட்டது. பாலும் கொஞ்சம் க்ரீமும் சர்க்கரையும் பல் கூசுகிற குளிர்ச்சியில் இருக்க வேண்டும், பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, கை ஓயும்வரை குலுக்க வேண்டும். கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறதென்று சின்னவள் இடுப்பையும் சேர்த்து ஆட்டினாள். நுரை எழும்பி கெட்டியாக நின்றது. கரண்டியைக் குத்தினால் கரண்டியும் நின்றது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் போட்ட ஆட்டத்தில் அடுத்த வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

நுரை முடிந்தது. இனி காபி.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா மரச்சாமான்களுக்கு பாலீஷ் போடுகிறவர். வீட்டின் பக்கவாட்டு அறை அவருடைய பட்டறை, அதை ஒட்டிய முற்றத்தில்தான் சாயம் பூசுவார். மரத்தூளும் ஸ்பிரிட்டும் காலமெல்லாம் மூக்கில் ஏறி, அவருக்கு வாசனை என்பதே போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, மல்லிகை மலர்ந்தாலும் தெரியாது. பட்டறை அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். சாயத்துக்காகக் கொட்டை ஓடு, பட்டை, தழை என்று எதையாவது தண்ணீரில் ஊறப்போட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருப்பார். வீட்டுக் குழந்தைகள் இரண்டும் பேசப் பழகும்போதே கற்றுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: வாயில் துணி கட்டிய ஜாடி அப்பாவுடையது, யாரும் தொடக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் சின்னவள் காபிக் கொட்டையைக் கரகரப்பாக அரைத்தாள். அப்பாவின் புது ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தூசி விழாமல் வாயை மூட வேண்டுமே? பிறந்ததிலிருந்து ஒரே ஒரு விதமாக ஜாடியை மூடிப் பார்த்திருக்கிறாள். அதேபோல அப்பாவின் வெள்ளைத் துணியைக் கிழித்து, அதே முடிச்சுப் போட்டுக் கட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தாள். காலையில் எழுந்து வடிகட்டி, திரும்பவும் துணியைக் கட்டி வைத்தாள். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். கசப்பே இல்லை, கொஞ்சம் சாக்லேட் மாதிரிகூட இருந்தது. பொய் நிஜமாகிவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சப் பகலை முழுக்கத் தலைமுடிக்கே செலவழித்தாள்.

அந்த நேரத்தில்தான் அம்மா, விருந்தாளி வருகிறாரே என்று ஃப்ரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளே, தயிருக்குப் பக்கத்தில், துணி கட்டிய ஜாடி.

"இந்த மனுஷனுக்குப் புத்தி இருக்கா? சாப்பிடற சாமானோட சாயத்தைக் கொண்டு வந்து வெச்சிருக்காரே!" என்று பட்டறை அலமாரிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தக் கோபத்தில் ஃப்ரிட்ஜைப் பளபளவென்று துடைத்தாள்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பிரேம்காரர் வந்துவிட்டார். வெளிர் நிறப் பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடிக்குக் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த படம் கொஞ்சம் சாய்ந்திருந்ததை அவர் பார்ப்பதும், கை துருதுருப்பதும், அடக்கிக்கொள்வதும் சமையலறையிலிருந்து சின்னவளுக்குத் தெரிந்தது. அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

ஜாடி இல்லை.

"அம்மா! என் ஜாடி எங்க?"

"துணி கட்டினதா? அது உன்னோடதா? அப்பாவோடதுன்னு பட்டறை அலமாரியில வெச்சிட்டேனே. போய் எடுத்துக்கோ போ."

உயிர் திரும்பி வந்தது. ஓடினாள். அலமாரியில் மற்ற ஜாடிகளெல்லாம் காலியாகிக் கிடக்க, துணி கட்டியது ஒன்றே ஒன்று, அதே பழுப்பு நிறத்தில் நின்றது. அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். டம்ளரில் ஐஸ் போட்டு, ஜாடியைச் சாய்த்து ஊற்றி, மேலே நுரையைக் கரண்டியால் வழித்துக் குவித்தாள். கடையில்கூட அப்படி ஒரு நுரை கிடையாது. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

பிரேம்காரர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கரண்டி நுனியில் நுரையைத் துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரிதான். அங்க போடறது நுரையே இல்ல."

சின்னவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் டம்ளரைத் தூக்கினார். உதட்டருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். முகர்ந்தார். தலையைத் திருப்பி இன்னொரு தடவை முகர்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க. டம்ளர்ல காபி வாசனையே இல்ல. ஆனா அந்த ஜன்னல் வழியா ஜோரா வருது."

ஜன்னலுக்கு வெளியே முற்றம். அந்த முற்றத்திலிருந்து அதே கணம் அப்பாவின் குரல் கேட்டது: "ஏய்! எல்லாரும் வாங்க! வந்துடுச்சு! அந்தக் கலர் வந்துடுச்சு!"

சின்னவள் டம்ளரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு அவள் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கிய வேகத்தில் நுரை முழுக்க எழும்பி அவர் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"அது காபி இல்ல! மரச் சாயம்! அப்பாவோட சாயம்!"

"ஐயையோ தம்பி, குடிச்சிட்டியா?" என்று அம்மா அவர் தாடையைப் பிடித்து வாய்க்குள் பார்த்தாள்.

"நுரை மட்டும்தாங்க," என்றார் அவர், இரண்டு கண்ணும் தெரியாமல்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சின்னவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"நான் பொய் சொன்னேன். வீட்டுல போட்டதே இல்ல. நீங்க வரேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் பழகினேன். இந்த வாரம் பூரா பழகினேன். நீங்க வரணும்னுதான் சொன்னேன். வந்துட்டீங்க. இப்ப சாயத்தைக் குடிக்கக் குடுத்துட்டேன்."

பிரேம்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் ஒரு பக்கத்தைத் துடைத்தார், இன்னொரு பக்கத்தைத் துடைத்தார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. சின்னவளுக்கு அந்த நேரம் ஒரு யுகமாகப் போயிற்று. எதிர்ச்சாரிக் கடையில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"நுரை நிஜம்தானே?" என்று கேட்டார்.

"நுரை நிஜம். சத்தியமா."

"அப்ப பாதி நிஜம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். "மீதிப் பாதி எங்கதான் போச்சுன்னு பாக்கலாம், வாங்க."

முற்றத்தில் அப்பா தூரிகையும் கையுமாக நின்றிருந்தார். ஒரு வக்கீலம்மாவின் இரண்டு நாற்காலிகளுக்கு ஜாடி ஜாடியாகச் சாயம் பூசிப் பூசி, அந்த அம்மா "இது இல்ல, இது இல்ல" என்று திருப்பி அனுப்பியதில் அவர் நொந்து போயிருந்தார். இன்று அலமாரியில் கைக்கு அகப்பட்ட ஜாடியை எடுத்துப் பூசியிருக்கிறார். நாற்காலிகள் இரண்டும் வெயிலில் மினுங்கின. அது தேன் நிறமும் இல்லை, கருப்பும் இல்லை. முற்றமே ஒரு காபிக் கடையாக மணத்தது. மணக்கச் செய்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

"என் ஆயுசுல இப்படி ஒரு கலர் வந்ததில்ல," என்றார் அப்பா கண் கலங்க. "என்ன ஊறப்போட்டேன்னுதான் ஞாபகம் வரல."

"காபிங்க," என்றார் பிரேம்காரர்.

"தம்பி யாரு?"

"நான்... அந்தக் காபியைக் குடிக்க வந்தவன்."

சொல்லிவிட்டு அவருக்கே தாங்கவில்லை. சிரிக்காத மனிதர் சிரிக்க ஆரம்பித்தால் இப்படித்தான், எங்கே நிறுத்துவதென்று தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, முழங்கால் மடங்கி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் நாற்காலி!" என்று அலறினார் அப்பா.

"புள்ளையோட பேண்ட்டு!" என்று அலறினாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் வீட்டு நிலவரம் இப்படி இருந்தது: வெளிர் நிறப் பேண்ட், பின்பக்கம் நான்கு பழுப்புப் பட்டைகளுடன், சோப்புத் தண்ணீரில் மிதந்தது. பிரேம்காரர் அப்பாவின் பழைய வேலைப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அது அவருக்குக் கணுக்காலுக்கு எவ்வளவோ மேலேயே முடிந்துவிட்டது, இடுப்பிலோ இன்னொருவர் நுழைய இடம் இருந்தது. அந்தக் கோலத்தில் அவர் சமையலறையில் காபிக் கொட்டை அரைத்தார். போகிற வழியில் கூடத்துப் படத்தையும் நேராக்கிவிட்டார். அப்பா வாசலில் நின்று, "நாற்காலிக்கும் ஒரு ஜாடி சேத்துப் போடுங்க, இன்னொரு பூச்சு வேணும்," என்று உத்தரவு போட்டார்.

இரண்டு ஜாடிகள் தயாராயின. சின்னவள் துணியை எடுத்தாள், அப்படியே நின்றாள். இரண்டையும் ஒரே மாதிரி கட்டினால் மறுபடியும் அதே கதைதான். பிரேம்காரர் தன் கண்ணாடியிலிருந்து சிவப்புக் கயிற்றைக் கழற்றினார். ஒரு ஜாடியின் வாயைச் சுற்றி, இரண்டு முனையும் சரிசமமாகத் தொங்கும்படி கட்டினார்.

"இது மனுஷங்களுக்கு," என்றார்.

"இப்பக் குடிக்க முடியாதே," என்றாள் சின்னவள் மெதுவாக. "நாளைக்குக் காலை வரைக்கும் ஊறணும்."

"அப்ப நாளைக்கு வரேன்."

"நாளைக்கு வேலை இருக்கே."

"வேலைக்குப் போற வழியிலதான் உங்க வீடு."

அவர் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அது சின்னவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எதையும் மயிரிழை சாயவிடாத மனிதர், கூசாமல், கண்ணைப் பார்த்துக்கொண்டு, முழுப் பொய் சொன்னார்.