பளபளப்பை எடுக்கும் கண்ணாடி

அக்கா என்னிடம் கேட்டது சின்ன உதவிதான். குளத்தில் எண்ணெய் மிதப்பதை வீடியோ எடுத்துத் தர வேண்டும். யாராக இருந்தாலும் போனை நீட்டி எடுத்துவிடக்கூடிய காரியம். அதை நான் எடுத்தேன். அதுதான் தப்பாகப் போனது.

அக்காவும் மாமாவும் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு வளர்த்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரை உரசிக்கொண்டு வரும். இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஆறு மாதமாக அந்த வாய்க்காலில்தான் ஊற்றினார்கள். அக்கா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு போட்டாள். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்த இரண்டு முறையும் வாய்க்கால் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆள் வருகிற தேதி அக்காவுக்கு முன்பே ஒர்க்‌ஷாப் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி விசாரணை. ஆதாரம் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி. குத்தகையை நீட்டிப்பதையும் அந்த முடிவைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று குளத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் பண்ணினாள்.

"டேய், இன்னைக்கு ஊத்தியிருக்காங்கடா. மதகுகிட்ட கலர் கலரா மிதக்குது. குஞ்செல்லாம் செத்துக் கெடக்கு. நான் போன்ல எடுத்து வச்சிடட்டுமா?"

"போன்ல எடுத்தா எவனும் நம்ப மாட்டான். இரு, நான் வரேன். யாரும் எதையும் தொடாதீங்க."

கொலை நடந்த வீட்டுக்குக் கிளம்புகிற போலீஸ்காரன் மாதிரி சொன்னேன். நான் கல்யாண வீடியோ எடுப்பவன். பதினோரு வருடமாக மற்றவர்களின் மாமியார்களை அழகாகக் காட்டிச் சாப்பிடுகிறவன். ஒரு தடவையாவது உருப்படியான ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. அதை அன்றைக்கு அக்காவின் குளத்தில் சொறிந்துகொள்ளப் பார்த்தேன்.

பையைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு லென்ஸ் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். ஐம்பது எம்.எம். லென்ஸில் மதகும் ஒர்க்‌ஷாப் சுவரும் ஒன்றாக அடங்காது. பெரிய ஜூம் லென்ஸ் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் காற்றில் ஆடும். கடைசியில் இருபத்துநாலு-நூற்றைந்து எம்.எம். லென்ஸை எடுத்தேன். சுவரில் ஆரம்பித்துச் செத்த குஞ்சின் கண் வரைக்கும் லென்ஸை மாற்றாமல் போகலாம். அது சரியான தேர்வு, இன்றைக்கும் சொல்வேன். நாசம் பில்டரில் வந்தது.

வெட்டவெளி வெயிலில் வீடியோ எடுத்தால் படம் வெளிறிப்போகும். அதற்குத்தான் என்.டி. பில்டர், லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ். அதை மாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பையில் புதிதாக வாங்கிய போலரைசர் ஒன்றும் இருந்தது. கல்யாணக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஜன்னலுக்கு வெளியே நின்று எடுக்கும்போது கண்ணாடியில் மரமும் வானமும் அப்பிக்கொண்டு தெரியும். போலரைசர் வளையத்தை மெல்லத் திருப்பினால் அந்தப் பளபளப்பு கழன்று பெண்ணின் முகம் மட்டும் நிற்கும். தண்ணீருக்கும் அப்படித்தான். மேலே மின்னுவது போய் அடியில் கிடப்பது தெரியும். செத்த குஞ்சுகள் தெளிவாகத் தெரியட்டும் என்று என்.டி.யின் மேல் அதையும் மாட்டினேன். இதற்கெல்லாம் அரைமணி நேரம். அந்த அரைமணியில் அக்கா மூன்று தடவை கூப்பிட்டாள்.

போய்ச் சேர்ந்ததும் வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். மதகைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக எண்ணெய் பரவிக் கிடந்தது. அதன் பிறகு நான் வெறும் கண்ணால் பார்க்கவில்லை. கேமராத் திரையில் வெயில் படாமலிருக்க அதன்மேல் ஒரு மூடி மாட்டி, அதற்குள் கண்ணை வைத்துக்கொண்டேன். அது என் பழக்கம். கேமராவை ஆன் செய்துவிட்டால் உலகத்தில் எனக்கு வேறு எதுவும் கிடையாது.

தண்ணீர்மேல் பட்ட வெயிலில் கண் கூசியது. கை தானாக வளையத்துக்குப் போனது. திருப்பினேன். கூச்சம் போனது, தண்ணீர் திறந்துகொண்டது. அடியில் கிடக்கும் கூழாங்கல், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும் குஞ்சுகள், ஒவ்வொன்றின் செதிலையும் எண்ணலாம் போல இருந்தது. பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெய் இருப்பது எனக்குத் தெரியும். அதனால் திரையில் இல்லாத எண்ணெயையும் பார்த்தேன்.

அக்கா பக்கத்தில் வந்து போனை நீட்டினாள். அவள் கை கேமராத் திரைக்குள் வந்தது.

"அக்கா, பிரேம்ல வர்றே. அதை உள்ள வை."

"ஒரு காப்பி இருக்கட்டுமேடா."

கண்ணை எடுக்காமலே அவள் போனை உள்ளங்கையால் மூடி, "அதுல என்ன தெரியப்போகுது?" என்று தள்ளினேன். மாமா கரையிலிருந்து சிரித்தார்.

"டைரக்டர் சொன்னாக் கேளு. வேலை நேரத்துல அவனைச் சீண்டாதே."

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தாள். எட்டு நிமிடம் எடுத்தேன். மத்தியானத்துக்குள் காற்று எண்ணெயைக் கரையோரக் கோரைப்புல்லுக்குள் ஒதுக்கிவிட்டது. அதற்குப் பிறகு விசாரணை முடியும்வரை ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

எடுத்ததை அப்படியே பென் டிரைவில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். வெட்டி ஒட்டினால் ஆதாரம் கெட்டுவிடும் என்று அவருக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். பெரிய திரையில் ஒரு தடவை போட்டுப் பார்க்கவில்லை. சனி ஞாயிறு இரண்டு கல்யாணம். அதுவுமல்லாமல் நான் எடுத்ததை நானே சரிபார்ப்பதா என்கிற தலைக்கனம்.

விசாரணை அறையில் சுவரில் ஒரு பெரிய டிவி. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மா, இந்தப் பக்கம் அக்காவும் மாமாவும், அவர்களுக்கு எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் மேனேஜர். நான் டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், எல்லோர் முகத்தையும் பார்க்கலாமென்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்காகத்தான் நின்றேன்.

படம் ஓடியது. ஒர்க்‌ஷாப் சுவர் வந்தது, மதகு வந்தது. தண்ணீர் வந்தது. குடிக்கலாம் போலிருந்தது.

"எண்ணெய் எங்கம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"அங்கதான் மேடம், மதகைச் சுத்தி. கலர் கலரா இருந்துச்சு." அக்கா எழுந்து டிவியிடம் வந்து விரலால் தொட்டுக் காட்டினாள். விரலுக்குக் கீழே கூழாங்கல் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணெய் தண்ணீரின் மேல் வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். பளபளப்பை எடுப்பதற்கென்றே ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு நான் போயிருக்கிறேன்.

மேனேஜர் நிதானமாகப் பேசினார். "மேடம், தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்குன்னு அவங்களே காட்டிட்டாங்க. இந்தத் தண்ணியில குஞ்சு சாகுதுன்னா வளக்கற லட்சணம் அப்படி. தீனியை அள்ளிக் கொட்டியிருப்பாங்க."

நான் குறுக்கே புகுந்தேன். பில்டரைப் பற்றி, வளையத்தைப் பற்றி, தண்ணீரிலிருந்து வருகிற வெளிச்சத்தைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அறையில் ஒருத்தருக்கும் புரியவில்லை. மேனேஜருக்கு மட்டும் வேண்டிய அளவு புரிந்தது.

"அப்போ இருக்கறதை இல்லாத மாதிரி காட்டத் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு இல்லாததை இருக்கற மாதிரியும் காட்டுவீங்க, இல்லையா?"

அதிகாரி பாவம், ஒரு வழி தேடினார். "அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு இதையே திரும்பக் காட்ட முடியுமா?"

முடியாது. கறுத்த முகத்தை வெளுப்பாக்குவேன், மங்கின வானத்தை நீலமாக்குவேன். லென்ஸுக்குள்ளேயே நுழையாத வெளிச்சத்தை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் வரவழைக்க முடியாது. முடியாதுங்க என்று மட்டும் சொன்னேன்.

மனுதாரர் தரப்பு வீடியோவிலேயே தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குஞ்சுகள் பராமரிப்புக் குறைவால் இறந்திருக்கலாம் என்று உத்தரவு வந்தது. குளத்துக்காரர் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு குத்தகையை முடித்தார். அடுத்த வாரமே குளம் ஒர்க்‌ஷாப்காரர்கள் கைக்குப் போனது. லாரி கழுவத் தண்ணீர் வேண்டுமாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாள் பேசாமலிருந்து, பிறகு சரியாகியிருப்போம். மாமா என்னை டைரக்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். குளக்கரைக் கொட்டகையைக் காலி செய்கிற அன்று உதவிக்குப் போனபோது, "வாங்க, உட்காருங்க," என்றார். இருபது வருடத்தில் அவர் என்னை ஒருமையில் தவிர அழைத்ததில்லை.

வலைகளைச் சுருட்டிக் கட்டி முடித்தோம். விற்பதற்கு அவற்றைப் படம் எடுக்கலாமென்று அக்கா போனை எடுத்தாள். இடம் இல்லை என்றது. பழையதையெல்லாம் அழிக்க வலைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது.

"இங்க வா," என்றாள்.

நாலு நொடி ஓடுகிற வீடியோ. தேதி அந்த வெள்ளிக்கிழமை. விரல் பட்டு அது பதிவானதே அவளுக்குத் தெரியாது. படம் கோணலாக இருந்தது, ஆடியது, வெயில் பட்டு அங்கங்கே வெளுத்திருந்தது. நான் எடுத்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அதில் ஊதாவும் பச்சையுமாக எண்ணெய் மதகு முழுக்க மிதந்தது. நடுவில் செத்த குஞ்சுகள். பின்னால் ஒர்க்‌ஷாப் சுவரில் அவர்கள் பெயர்ப்பலகைகூடப் படிக்கிற மாதிரி தெரிந்தது. இரண்டு நொடி அப்படி இருந்தது. பிறகு ஒரு உள்ளங்கை வந்து எல்லாவற்றையும் மூடியது. அதுல என்ன தெரியப்போகுது என்று இருட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

அக்கா மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"இது உன் கைதானே?"

"ஆமாக்கா."

"உனக்கு அனுப்பி விடறேன், வச்சுக்கோ. எனக்கு வலையைப் படம் எடுக்க இடம் வேணும்."

என் சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவள் தன் போனிலிருந்து அதை அழித்துவிட்டு, வலையைப் படம் எடுக்க எழுந்து போனாள்.