அவர் கொடுத்திருந்த வாக்கு

பின்பனிக் காலம் விடைபெற மனமில்லாமல் தெருவில் நின்றிருந்தது. மரங்கள் இலையுதிர்த்து முடித்து, தளிர்க்க இன்னும் துணியாத நாட்கள். ஒளி வந்தும் சூடு வராத காலைகள். படைத்தவன் உலகை உள்ளங்கையில் ஏந்தி, அடுத்து இதை என்ன செய்வதென்று எண்ணாமல் சற்றே இளைப்பாறுவது போன்றதோர் அமைதி கூரைகளின் மேல் தங்கியிருந்தது. நரம்பு நோயில் படுத்துவிட்ட அவருக்கு உகந்த பருவம் இதுதான். கோடையில் வெயில் ஏற ஏறக் கால்கள் துவளும், கண் மங்கும். குளிர் வந்தால்தான் நரம்புகள் சொன்ன சொல்லை ஓரளவேனும் கேட்கும். ஆகையால் படுக்கையருகே இருந்த சன்னல் பனிக்காலம் முழுதும் திறந்தே கிடந்தது.

இன்றும் திறந்திருந்தது. அவள் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கணவரின் விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் கட்டிய சளி விடியலில் அவரைக் கொண்டுபோயிருந்தது. குடும்ப மருத்துவர் வந்து பார்த்து, இறப்பை உறுதிசெய்து சென்றுவிட்டார். சொல்ல வேண்டியவர்களுக்குத் தாமே சொல்லட்டுமா என்று கேட்ட அவரிடம், தானே பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. மேசைமேல் தொலைபேசி இருமுறை அடித்து ஓய்ந்தது. அழைத்தவள் யாரென்று எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

கணவரின் தங்கை. நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் மூளை நோய்களை ஆராய்பவள். 'மூளைக்காரி' என்று அண்ணன் வேடிக்கையாக வைத்த பெயரை, அண்ணி வேடிக்கையில்லாமல் சொல்லி வந்தாள். கைநடுக்கம், தசைச்சோர்வு, மறதி என்று எதையெதையோ ஆராய்ந்தவள், அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்த நாள் முதல் அதை ஒன்றையே பற்றிக்கொண்டாள். உடலின் காவற்படையே பகைவனென்று மயங்கி, நரம்புகளின் மேலுறையைத் தின்னும் நோய் அது. பெயர்ப்பலகை எழுதி வந்த அண்ணனுக்கு முதலில் வலக்கண்ணில் சிவப்பு வெளுத்தது. வண்ணம்தான் மட்டமென்று எண்ணி அவர் மேலும் மேலும் சிவப்பைக் குழைக்க, மருந்துக் கடைக்காரர் ஒருவர் தம் பலகை இறைச்சிக் கடைப் பலகை போலிருக்கிறதென்று திருப்பி அனுப்பினார். அன்று வீடே சிரித்தது.

பகை பிறகுதான் வந்தது. தங்கை வாரந்தோறும் வருவாள். வந்ததும் முழங்காலில் சுத்தியலால் தட்டுவாள், விரலைக் கண்முன் அசைத்துப் பார்ப்பாள், ஒரு வாய் காப்பிக்குக்கூட உட்காரமாட்டாள். ஒருமுறை மாணவர்கள் நிறைந்த அரங்கில், அண்ணன் நடக்க முயன்று தடுமாறி விழும் காட்சியைப் பெருந்திரையில் ஓட்டினாள். அவர் அனுமதித்திருந்தார். ஊருக்கெல்லாம் பலகை எழுதியவனின் படம் ஓடியது இப்போதுதான் என்று பெருமையும் பட்டார். பின்வரிசையில் அமர்ந்திருந்த அண்ணி கண்டதோ, கணவர் விழுந்த கணத்தில் அத்தனை பேரும் குனிந்து குறிப்பெடுத்ததைத்தான். அதை அவள் மன்னிக்கவில்லை.

நாக்குக் குழறத் தொடங்கிய நாட்களில் அவர் இருவரையும் அருகழைத்து, தான் போனதும் மூளையையும் தண்டுவடத்தையும் தங்கையின் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமென்றார். என் தலைக்குள் என்னதான் இருக்கிறதென்று உனக்கும் தெரிய வேண்டாமா என்று மனைவியைச் சீண்டினார். அவள் தலையசைத்தாள். ஒன்று மட்டும் தங்கை அப்போதே சொல்லி வைத்திருந்தாள். நேரம் போகப் போகத் திசு கெட்டுவிடும், ஆகவே முதலில் என்னை அழையுங்கள்.

முதலில் மட்டுமல்ல, கடைசியிலும் அண்ணி அழைக்கவில்லை. நேரம் போகட்டும் என்றே இருந்தாள்.

கதவு தட்டப்படாமலே திறந்தது. மூளைக்காரி உள்ளே வந்தாள், கட்டிலைக் கண்டாள், நின்றாள். பிறகு அருகே சென்று அண்ணனின் தாடையை இரு விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தாள். அது விறைத்திருந்தது, உயிர் போய் மணிக்கணக்காகிவிட்டது. நடந்தது முழுதும் அவளுக்குப் புரிந்துவிட்டதை அண்ணி கண்டாள்.

"எப்போ அண்ணி?"

"விடியறப்போ."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? அழுவியா, ஐஸ் பெட்டி கொண்டு வருவியா?"

"ரெண்டும்தான்" என்றாள் அவள்.

அண்ணி துணியைப் பாத்திரத்தில் போட்டாள். நீர் தெறித்தது. அவர் உனக்கு அண்ணனாக இருந்ததைவிட நோயாளியாக இருந்ததுதான் அதிகம் என்றாள். மூளைக்காரி மறுக்கவில்லை.

"அதனாலதான் வாராவாரம் வந்தேன். வெறும் தங்கச்சியா வந்திருந்தா, நீங்க வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பியிருப்பீங்க."

அது உண்மை. உண்மையாக இருந்ததே அண்ணிக்கு மேலும் கசந்தது. இத்தனை ஆண்டுகள் அந்தக் கூடத்தில் என்னதான் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள்.

"நாங்க நினைச்சது தப்புன்னு கண்டுபிடிச்சேன். திரும்பத் திரும்ப."

அந்தக் குரலில் பெருமையும் இல்லை, பணிவும் இல்லை. அவள் அண்ணனின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தின் பின்புறம் கைவைத்துப் பார்த்தாள், பிறகு திறந்திருந்த சன்னலைக் கண்டாள். யார் திறந்தது என்று கேட்டாள். அவருக்குக் குளிர்தான் பிடிக்கும் என்றாள் அண்ணி. மூடியிருந்தால் இந்நேரம் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சியிராது என்று மூளைக்காரி தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள்.

அண்ணி பாழாக்க நினைத்ததை அவருக்குப் பிடித்த குளிரே காத்துவைத்திருந்தது. தெருவில் யாரோ வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்போ இன்னும் உதவுமா?" என்றாள் அண்ணி.

"உதவும். ஆனா இன்னைக்கு உங்க வாயால சொல்லணும். வேணாம்னா நான் வண்டியக் கூப்பிட மாட்டேன்."

"வேணும்னு உன் வாயில வராதா?"

"வேணும் அண்ணி."

அந்தச் சொல்லை அவளிடமிருந்து பிடுங்கியதில் அண்ணிக்கு ஒரு கொடிய நிறைவு உண்டாயிற்று. அதோடு விடவில்லை. வேறு எவரும் அவர் தலையைத் தொடக் கூடாது, நீயேதான் செய்ய வேண்டும் என்றாள். அத்தனை பேர் பார்க்க அவரை விழவைத்தவள்தானே, இதையும் உன் கையாலேயே செய் என்றாள்.

மூளைக்காரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியாது."

"ஏன், சட்டமா?"

"சொந்தக்காரங்க செய்யக் கூடாதுன்னு எங்க கூடத்துல விதி இருக்கு. அது இல்லேன்னாலும் முடியாது."

எண்ணிறந்த தலைகளைத் திறந்து பழகிய அந்தக் கை கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்தது. சட்டம் மெல்லக் கடகடத்தது. அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. ஆனால் சேர்த்துவைத்திருந்த அடுத்த சொல்லும் வரவில்லை.

"சரி. கை நடுங்காத ஆளா அனுப்பச் சொல்லு."

மூளைக்காரி முன்னறைக்குச் சென்று ஆய்வுக்கூடத்துடன் தொலைபேசியில் பேசினாள். வயது, நோய், மூச்சு நின்ற நேரம், அறையின் குளிர் எல்லாம் ஒரே சீரான குரலில் சொன்னாள். உறவு என்னவென்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். சற்றே தாமதித்து, அண்ணன் என்றாள். திரும்பி வந்து, முகத்துக்கு ஒன்றும் ஆகாது, மாலைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்றாள். அண்ணி கேட்டுக்கொண்டாள். மீண்டும் ஒருமுறை அவர் கைகளைத் துடைத்து, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டாள்.

வண்டி வந்தது. தூக்கும் படுக்கையுடன் வந்த இருவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலருகே ஒதுங்கி நின்றார்கள்.

அவள் கணவரின் தலைமாட்டில் நின்று, நரைத்த தலைமேல் வலக்கையை வைத்துக் கண்ணை மூடினாள். மாலைதோறும் தனியே ஓதும் துதியைத் தொடங்கினாள். காற்றுக்கும் கேளாத தாழ்ந்த குரல். அடியை இழுக்கவுமில்லை, விழுங்கவுமில்லை. பிறப்பறுக்க வேண்டுமென்று கேட்கும் இறுதி அடியை மட்டும் இருமுறை சொன்னாள். எந்தத் துதியிலும் சேர்ந்தறியாத மூளைக்காரி, கட்டிலின் மறுபுறம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

துதி முடிந்தது. அண்ணி கையை எடுத்தாள். கட்டிலைக் கடந்து அதே கையை நீட்டி, எதிரே குனிந்திருந்த தலையின் மேல் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இரு" என்றாள். "போய் வேலையப் பாரு."