தாழ்ப்பாளுக்கு மேலே

...பழுப்பைப் பூசிவிட்டால் துரு ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள், புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், துருவுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று யாருக்குத் தெரிகிறது, தண்ணீர் எங்கே தங்குமோ அங்கேதான் அது முதலில் வாய் வைக்கும், ஆணியின் கொண்டைக்கு அடியில், தகடும் தகடும் சேருகிற இடுக்கில், பெயிண்டுக்கு உள்ளே சத்தம் காட்டாமல் பரவிக்கொண்டே போகும், மேலே ஒரு கொப்புளம் கிளம்பி நாம் பார்க்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும், இவனும் பெண்டாட்டியும் மாதிரி... சீ, வேலை நேரத்தில் என்ன உவமை வேண்டிக்கிடக்கிறது. திரையில் ஒரு கப்பல் கரைதட்டிக் கிடந்தது. ஏதோ ஒரு படத்தில் கொஞ்ச நேரம் வரப்போகிற கப்பல், முப்பரிமாணத்தில் வேறொருவர் கட்டி முடித்து மொழுமொழுவென்று அனுப்பியிருந்தார், அதைக் கிழடாக்குவது இவன் பாடு. மற்றவர்கள் கதாநாயகியின் கூந்தலையும் அருவியையும் செய்கிற ஆபீசில் இவனுக்கு இரும்பு, அதிலும் உளுத்துப்போன இரும்பு. பெயரும் அதுதான், துரு அண்ணன். கூப்பிடுகிறவர்கள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

காலையில் பெண்டாட்டியிடமிருந்து போன் வந்தது. “அந்த ரூம்ல பல்பு போயிடுச்சு, பெட்டி கட்டணும், வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க.” சரி என்றான். நாளைக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள், அதற்கும் இவன் சரி என்றுதான் சொன்னான், வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், இவனுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள் என்றால் பாத்திரமாவது உருள வேண்டாமா? சண்டை போடுவதற்குக்கூட ஒரு நெருக்கம் வேண்டியிருக்கிறது. மகள், குட்டி, போனபிறகு இந்த வீட்டில் பால், பல்பு, காஸ், இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒரு காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான், ஆறு வயசு... அதற்கு அடுத்த வாரமே அவள் குட்டியின் துணிமணி, செருப்பு, பொம்மை எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்து அனுப்பிவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சக்காரி என்று அன்றைக்கு மனசுக்குள் சொன்னான், அந்த வார்த்தை போய் உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணா,” என்று பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப்பார்த்தாள், காட்சிகளுக்கு வெளிச்சம் வைக்கிற பெண். “உங்க துருவுல என்னமோ இருக்குண்ணா. நான் சாயங்கால வெயில் வைக்கிறேன்ல, கப்பல் பூரா ஒரே மாதிரி கோடு வரிசையா தெரியுது. பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு. எடுத்துக் குடுத்துடுங்க, இன்னைக்கு அனுப்பணும்.” துருவில் குறையா, அவன் துருவிலா? கொஞ்சம் ரோஷத்தோடுதான் திறந்தான். நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒரு படம், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தினால்தான் இரும்பு இரும்பாகத் தெரியும். நிறத்தில் ஒன்றும் இல்லை, சுத்தம். மேடுபள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தான். ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே நாலு கோடு. பக்கத்தில் வளைந்து போகிற இன்னொரு கோடு. தள்ளி அதே வட்டம், அதே நாலு கோடு, அதற்கும் அப்பால் அதே... கப்பலின் முனையிலிருந்து வால்வரைக்கும், நூற்றுக்கணக்கில், பூனையோ நாயோ, ஒன்றன் பின் ஒன்றாக நடந்து போய்க்கொண்டிருந்தன. கை மவுஸின் மேலேயே இருந்தது, எடுக்க வரவில்லை. “தெரியுதாண்ணா?” என்றாள் அந்தப் பெண். “தெரியுது,” என்றான், அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

இந்தத் துரு எங்கிருந்து வந்தது, பழைய வாடகை வீட்டுப் பின்வாசல் இரும்புக் கதவு. நீலம் உரிந்து, அடியில் பச்சை தெரிந்து, அதற்கும் அடியில் செம்பழுப்பு, காசு கொடுத்தாலும் கிடைக்காத துரு. மேகமூட்டமாக, நிழலே விழாத ஒரு நாளாகப் பார்த்து, அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தான், குட்டி காலைக் கட்டிக்கொண்டு நின்றாள், கதவைப் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா என்று கேட்டாள், கேட்டாளா, இல்லை அது இவனாகச் சேர்த்துக்கொண்டதா? படங்களை எல்லாம் கொடுத்தால் கணினியே பள்ளத்தின் ஆழத்தைக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். அப்புறம் நிறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம், ஒரு துண்டையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பெரிய பரப்பாக்குகிறோம், அதில் தனியாகக் கண்ணில் படுகிற அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் ஒட்டுவேலை வெளுத்துவிடும். கதவில் குட்டியின் கிறுக்கல் ஒன்று இருந்தது. பக்கத்துத் துருவை எடுத்து அதன்மேல் அப்பி அப்பி மறைத்தான், சீட்டி அடித்துக்கொண்டே செய்தான், அதுவும் ஞாபகம் இருக்கிறது. வேலை முடிந்ததும் இடம் அடைக்கிறது என்று மூலப் படங்களை அழித்தான். மேடுபள்ளத்தை மட்டும் துடைக்க மறந்திருக்கிறான், நேர் வெளிச்சத்தில் தெரியாது, யாரும் சாய்த்துப் பார்க்கவில்லை. குட்டி போனபிறகு அந்த வீட்டையே இடித்தார்கள். எத்தனை நாள் தேடினான், பழைய போன், பழைய ஹார்ட் டிஸ்க், அந்த ஒரு கிறுக்கலுக்காக... தன் கையாலேயே துடைத்துவிட்டு வேறு யாரைத் திட்டுவது? இந்தத் துரு பீப்பாயில் போயிருக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் போயிருக்கிறது, பஸ்ஸில் போயிருக்கிறது. அத்தனையிலும் அவள் இருந்திருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியாமல்.

துடைப்பதற்கு முன் அந்த மேடுபள்ளப் படத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது, ஒரு வட்டமும் நாலு கோடும். பெரிதாக்கிப் பார்த்தான், இன்னும் பெரிதாக்கினான், கோடு ஒரு வாய்க்கால் அளவுக்கு விரிந்தது. கோடு ஒன்று இல்லை, இரண்டு. மேலோட்டமாக நடுங்கிக்கொண்டு போகிற ஒன்று, அதன்மேலேயே அழுத்தமாக, நிதானமாக, கை தடுமாறாமல் இன்னொன்று. இது என்ன... இந்தத் துண்டு கதவின் எந்தப் பாகம்? கீழ்ப்பாதி முழுக்கச் சேறு தெறித்த கறை, ஆகாது என்று விட்டுவிட்டான், தாழ்ப்பாளுக்கு மேலே இருந்ததைத்தான் வெட்டி எடுத்தான். தாழ்ப்பாள் இவன் நெஞ்சு உயரம். குட்டிக்கு அப்போது மூணு வயசு, இடுப்புக்குக்கூட வரமாட்டாளே. அவளை யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒரு கையால் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தச் சின்னக் கையைப் பிடித்து, ஆணியோ என்னவோ, மறுபடியும் அதே கோட்டின் மேலேயே வரைய வைத்திருக்கிறார்கள். பகலில் இவன் ஆபீசில். வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? கிறுக்கிய அன்று சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுக் கத்தினானே, யார் கிறுக்கியது, வீட்டுக்காரர் பார்த்தால் என்ன சொல்வார் என்று, “உங்க பொண்ணுதான், வேற யாரு,” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தியது பிடிக்காமல் திருப்பிக்கொண்டாள் என்றுதான் இத்தனை காலமும்... இல்லை. தோள் குலுங்கியதே. குட்டியும் அம்மா முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாளே. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம். அழும்போது? ஆஸ்பத்திரியில் திருப்பிக்கொண்டாள். மூட்டை கட்டிய அன்றைக்கு அவள் முகத்தை இவன் பார்க்கவே இல்லை, முதுகைத்தான் பார்த்தான். முதுகைப் பார்த்துவிட்டா அந்த வார்த்தையைச் சொன்னான்?

“அண்ணா, எடுத்தாச்சா?” இதோ என்று கையைக் காட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, பாலும் பல்புமாகப் பேசிப் பழகிய வாய். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். “என்ன, பல்பு கிடைக்கலையா?” “இல்ல... பழைய வீட்டுல, பின்னாடி, இரும்புக் கதவுல... அது பூனையா, நாயா?” அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை. பிறகு யாரோ குழாயைத் திருகி மூடினார்கள், யாரோ என்ன, அவள்தான். “வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க,” என்றாள், குரல் எங்கேயோ தள்ளி நின்று பேசுகிற மாதிரி இருந்தது, முகத்தைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். “வச்சிடறேன்.” ஆனால் வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. காதில் போனை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான், அந்தப் பெண் கப்பலின்மேல் சாயங்கால வெயிலை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு இவனுக்காகக் காத்திருந்தாள்.