தேக்குச் சக்கை

எண்பத்திமூன்றாம் வருஷ வெயில் காலத்தில் கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம்தான். ஊரெல்லாம் மோட்டார் கருகியது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் எனக்குச் சாப்பிட நேரமில்லை. அப்போதுதான் ரெட்டியார்பாளையம் ராஜாங்கம் தன் மரப்பட்டறைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்.

அந்தப் பட்டறையின் பேண்ட்சா ரம்பத்தில்தான் போன மாதம் அரிகிருஷ்ணன் கை போய், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிரும் போனது. குடித்துவிட்டு மெஷினைப் போட்டுக் கையைக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு. எங்கள் ஊரில் ஒருத்தன் செத்தால் முதலில் வாயைத்தான் மோந்து பார்ப்பார்கள். அவன் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது என்று பெண்டாட்டி தையல்நாயகி சொன்னதை எவன் கேட்டான்?

மூடிக் கிடந்த பட்டறையை ராஜாங்கம் அன்று காலைதான் திறந்திருக்கிறார். மெயினைப் போட்டதும் மோட்டார் உறுமி, புகைந்திருக்கிறது. பயந்து மெயினை இறக்கிவிட்டார்.

மோட்டார் மூடியைக் கழற்றினேன். வார்னிஷ் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. இரண்டு பேஸின் சுற்று கரிக்கட்டை; மூன்றாவது மட்டும் புதுசு போல இருந்தது. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வராமல் மோட்டார் முக்கியிருக்கிறது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால், ஒரு ஃபியூஸ் போயிருந்தது. அதுவரை சரி. ஆனால் அப்படி முக்கினால் ஸ்டார்ட்டர் தானாகவே பிடியை விட்டு மோட்டாரை நிறுத்த வேண்டுமே?

"பச்சை பட்டனை அமுக்குனீங்களா?" என்று ராஜாங்கத்தைக் கேட்டேன்.

"பட்டன் பக்கமே போவலப்பா. மெயின்தான் போட்டேன்."

பட்டனே அமுக்காமல் மோட்டார் எப்படி உறுமும்? ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். காந்தம் பிடிக்கும் இடத்தில், விடவே முடியாதபடி, ஒரு தேக்குச் சக்கையை ஆப்பு மாதிரிச் செருகி வைத்திருந்தார்கள். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் அடிக்கொருதரம் விட்டுவிடும் என்று பட்டறைக்காரர்கள் செய்கிற திருட்டு வேலை. சக்கை இருந்தால் கரண்டு போனாலும் மெஷின் அணைந்ததாகக் கணக்கில்லை. கரண்டு வந்த நொடியில் தானே ஓடும்.

தம்பிக்குச் சோறு கொண்டுவந்த தையல்நாயகி வாசலில் நின்றிருந்தாள். தம்பி கன்னியப்பனுக்கும் அங்கேதான் வேலை. அவன் காலையிலிருந்து மெஷின் பக்கமே வரவில்லை.

"அண்ணே, மெஷின்ல கோளாறு எதுனா இருந்துதா?" என்றாள். "எம் பொண்ணு தெனம் கேக்குது, அப்பா குடிச்சிட்டுதான் செத்தாரான்னு."

மறைக்க மனம் வரவில்லை. "அன்னிக்கு நடுவுல கரண்டு போச்சாம்மா?"

"ஆமா. எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. அவரு மட்டும் இங்க இருந்தாரு."

"பாதியில நின்ன மரத்த எடுத்துக்கிட்டு இருந்திருப்பாரு. கரண்டு வந்ததும் ரம்பம் தானா ஓடிடுச்சும்மா. அவரு போடல." சக்கையைக் காட்டினேன்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்க மனசு தாங்கவில்லை. ஆனாலும் அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. மரத்தூள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "இத யாரு வச்சது?" என்றாள்.

கன்னியப்பன் அவளருகே வந்து நின்றான். "நாந்தான்க்கா. மாமாவுக்குத் தெரியாது. போவும்போது எடுக்க மறந்துட்டேன். டீக்கடையில பல்பு எரிஞ்சதும்தான் ஞாபகம் வந்துச்சு. ஓடியாந்தேன்க்கா..."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு மடியில போட்டு எடுத்துட்டுப் போனது நீதானடா. அவரு வாயில வாட அடிச்சுதா?"

"இல்லக்கா."

"சக்கைய மறந்துட்டே, சரி. குடிச்சிருந்தாருன்னு போலீஸ்ல சொன்னியே, அது மறந்து போயா சொன்னே?"